இருபத்திரண்டு வணக்கமும் ஓர் ஆடும்

பிள்ளைகளுக்கான இசை நிகழ்ச்சி என்றால் பிள்ளைகள் வருவார்கள், இசைக்குழு வாசிக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அதற்குக் கதை எழுத ஒப்புக்கொள்ளும் வரைக்கும். அதற்கு முன்னால் மூன்று பேர் ஆறு மாதம் சண்டை போட வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூவரில் முதலாமவர் இசைக்குழுத் தலைவர். கையில் குச்சியோடு முன்னால் நின்று வாசிப்பை நடத்துகிறவர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், கொழும்பு வளர்ப்பு. சிரிப்பதற்கும் நேரம் ஒதுக்கி வைத்திருப்பார் போல. நான் பார்த்த நேரமெல்லாம் அந்த நேரமாக இருக்கவில்லை. இரண்டாவது, வாத்தியங்களுக்கு இசை எழுதுகிற தங்கச்சி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இப்போது கொழும்பில் இருக்கிறாள். கூடப் பிறந்தவள் அல்ல, ஆனால் கூடப் பிறந்தவள் மாதிரியே என் மானத்தை வாங்குவாள். மூன்றாவது நான். பதுளையில் தமிழ் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடற்குழுவில் வயலின். "பின்வரிசையில நின்னு வாசிச்சாலும் ஆண்டவருக்குக் கேக்கும்" என்று ஃபாதர் இரண்டு தடவை அன்பாகச் சொல்லியிருக்கிறார்.

இசைக்குழு வருஷா வருஷம் கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும். சிங்களத்தில் கதை சொல்லி, நடுநடுவே ஆங்கிலத்தையும் தூவி வாசிக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் பாதி புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை முழுக்கத் தமிழில் ஒரு காட்சி என்று தலைவரைச் சம்மதிக்க வைத்தது தங்கச்சி. எல்லாரையும் 'ஐசே' என்று கூப்பிடுகிற அவர் நிபந்தனையோடுதான் சம்மதித்தார்.

"ஒருக்கா செய்து பார்ப்பம், ஐசே. ஒழுங்கா நடந்தா வாற வருஷம் மடுல்சீமைக்கே போய் வாசிப்பம். குழம்பினா பழையபடி ஒரே காட்சிதான். தமிழ்க் காட்சி எண்ட பேச்சே பிறகு எடுக்கக் கூடாது."

மடுல்சீமை நான் பிறந்த ஊர். அங்கே செலோ என்கிற பெரிய வயலினைக் கண்ணால் கண்டவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் பதினான்கு பக்கம் எழுதினேன்.

கதை இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தில் ஆடு காணாமல் போகிறது. தேயிலை மலை முழுக்கத் தேடுகிறார்கள். வயலின்கள் தகரக் கூரையில் மழை. ட்ரம்பெட் தொழிற்சாலைச் சங்கு. ஆள் உயர டபுள் பேஸ் மேட்டில் ஏற முடியாமல் முக்குகிற பஸ். ஆடு யார் என்றால் ஓபோ. அது மெல்லிய ஒரு மரக்குழல். சளி பிடித்த ஆட்டின் குரல் அதற்குப் பிறவியிலேயே அமைந்தது.

பதினான்கு பக்கத்தையும் தலைவர் கையில் நிறுத்துப் பார்த்தார். "இதை வாசிச்சு முடியிறதுக்குள்ள ஆடு செத்துப் போயிடும், ஐசே."

"சேர், பனியைப் பத்தி மட்டும் மூணு பக்கம் இருக்கு," என்று தங்கச்சி எடுத்துக் கொடுத்தாள். "அண்ணே, தேடப் போறவனுக்கு வழி தெரிய வேணாமா? கொஞ்சம் பனிய விலக்கி விடுங்களேன்."

நான் விலக்கவில்லை. கலைஞன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் இருவருமே என்னைப் பாராட்டினார்கள். அது நான் எழுதிய ஆரம்பம். மேடை வெறுமையாக இருக்கும். ஆடு தேடப் புறப்பட்டவர்கள் மாதிரி, வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக நடந்து வருவார்கள். ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தில் சின்னதாக ஒன்று வாசித்துவிட்டு உட்காருவார்கள். அப்படியே ஒன்றன் மேல் ஒன்றாக இசை சேரும். ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்: பிள்ளைகள் ஆச்சரியத்தில் மூச்சடக்கி இருப்பார்கள்.

நிகழ்ச்சி நாளன்று ஸ்பிரிங்வெளிப் பிள்ளைகள் ஒன்பதரைக்கே பதுளை மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். மடுல்சீமைப் பஸ்கள் வரும்போது பத்தே முக்கால். பன்னிரண்டுக்கு மண்டபத்தைச் சிங்களக் காட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். தலைவர் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், பஸ்ஸை நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன் என்பது போல.

விளக்கு அணைந்தது. மைக் பிடித்து மேடை ஓரத்தில் நின்றேன். முதலாவதாக டிரம் வாசிப்பவர், பருத்த மனிதர், பூனை மாதிரி அடியெடுத்து வைத்து மேடைக்கு வந்தார். குச்சியை உயர்த்தினார்.

முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"வ-ண-க்-கம் சேர்!"

மனிதர் குச்சியைத் தவறவிட்டார். குனிந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் தலை வணங்கினார். பிள்ளைகள் உட்காரவில்லை. யாராவது உட்காரச் சொல்ல வேண்டுமே. நான்தான் மைக்கில், "ஒக்காருங்க பிள்ளைகளா" என்றேன்.

"நன்றி சேர்!" உட்கார்ந்தார்கள்.

அடுத்து ஒரு வயலின்காரி வந்தாள். முந்நூறு பேரும் எழுந்தார்கள். "வ-ண-க்-கம் டீச்சர்!" ஒக்காருங்க. "நன்றி சேர்!" அவள் வாசித்ததை அவளே கேட்டிருக்க மாட்டாள்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் பத்தொன்பது வாத்தியக்காரர்கள் திரைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தலைவர்.

முன்வரிசையில் இருந்த டீச்சரைப் பார்த்து, வேண்டாம் என்ற அர்த்தத்தில் கையை மேலும் கீழும் ஆட்டினேன். அந்த அம்மா முகம் சுருங்கிப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சத்தம் பத்தலையாம். இன்னும் நல்லா சொல்லுங்க!"

நல்லா சொன்னார்கள். மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது. நீளமாக முடி வளர்த்த, பசூன் என்கிற நீளக் குழல் வாசிப்பவர் வந்தபோது மட்டும் கொஞ்சம் குழப்பம். ஸ்பிரிங்வெளி "டீச்சர்" என்றது, மடுல்சீமை "சேர்" என்றது. பிறகு இரண்டு பக்கமும் பெருந்தன்மையோடு மாற்றிச் சொன்னார்கள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் படித்ததும் தோட்டப் பள்ளிக்கூடம்தான். பள்ளி அதிபருக்கு எழுந்து நின்ற கால், தபால்காரருக்கும் எழுந்து நின்ற கால் இது. அதுவும் போகட்டும். இன்றைக்கும் காலையில் வகுப்புக்குள் நுழையும்போது அந்த வணக்கம் கொஞ்சம் சுருதி குறைந்தால் என் முகம் கோணிவிடும். தினமும் வாங்குகிற வணக்கத்தை ஆறு மாதம் எழுதும்போது மறந்தேன் என்றால், என் மூளையில் எவ்வளவு பனி இருந்திருக்க வேண்டும்!

இருபத்தோராவது ஆள் உட்கார்ந்த பிறகு தலைவர் வந்தார். அவருக்குக் கிடைத்ததுதான் பெரிய வணக்கம். அது அடங்கியதும் மேடை ஓரத்துக்கு வந்து என் காதருகே குனிந்தார்.

"என்ன ஐசே இது? பரிசளிப்பு விழாவா?"

"பிள்ளைங்க மரியாதை காட்டுறாங்க சேர்."

"கால் மணித்தியாலமா காட்டியிருக்குதுகள். கதையை விடும். நாங்கள் வாசிக்கிறம்."

"சேர், கதை இல்லாம எப்படி..."

"வாசிக்கிறம் எண்டு சொன்னனான்."

திரும்பி நடந்துவிட்டார். பக்கத்தில் இசைத்தாள்களோடு நின்ற தங்கச்சியைப் பார்த்தேன். என் முகத்தைக் கண்டு அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"இதுல ஆடு வருதுன்னே அதுகளுக்குத் தெரியாதும்மா," என்றேன்.

"ஆடு கத்தினா ஆடுன்னு தெரியாதாண்ணே? ஒங்க வீட்டு ஆடு என்ன பேப்பர் படிச்சிட்டா கத்துச்சு? போயி ஏதாச்சும் ரெண்டு வார்த்த சொல்லிட்டு ஓடி வாங்க."

போனேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "பிள்ளைகளா, ஒரு ஆடு காணாமப் போச்சு. இவங்க எல்லாரும் அதைத் தேடப் போறாங்க. நீங்களும் காது குடுத்துக் கேளுங்க." அவ்வளவுதான். மிச்சப் பதின்மூன்றே முக்கால் பக்கமும் கையில் அப்படியே இருந்தது.

குச்சி அசைந்தது. வயலின்கள் தொடங்கியபோது நாலைந்து பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். டபுள் பேஸ் முக்கியபோது யாரோ, "பஸ்ஸுடா!" என்று சிரித்தார்கள். நான் மூன்று பந்தியில் விளக்கியிருந்த பஸ் அது. பிறகு எல்லா வாத்தியமும் அடங்கி, ஓபோ மட்டும் தூரத்தில் கத்துவது போல ஒரு தடவை வாசித்தது. ம்ம்மே.

முந்நூறு தலைகளும் ஆட்டைத் தேடித் திரும்பின. மறுபடியும் ஓபோ.

மடுல்சீமை வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, வீட்டில் ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரியே, மெதுவாக "பா... பா..." என்றாள். பக்கத்துப் பிள்ளை சேர்ந்துகொண்டது. வரிசை சேர்ந்தது. ஒரு நிமிஷத்தில் முந்நூறு பேரும் கூப்பிடுகிறார்கள். ஓபோ வாசித்த பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. தாளில் இல்லாத ஒரு பதிலைக் கத்தினாள். பிள்ளைகள் திரும்பக் கூப்பிட்டார்கள்.

தலைவரின் குச்சி ஆகாயத்தில் நின்றுவிட்டது. முடிந்தது, மடுல்சீமை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மனிதர் சபையின் பக்கம் திரும்பி நிற்கிறார். குச்சியைப் பிள்ளைகளிடம் காட்டினார், அவர்கள் கூப்பிட்டார்கள். ஓபோவிடம் காட்டினார், ஆடு கத்தியது. திரும்பவும் பிள்ளைகள், திரும்பவும் ஆடு.

தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அரை நிமிஷத்துக்குத்தாண்ணே எழுதினேன். நாலு நிமிஷமா கத்துது."

"ஒனக்காவது அரை நிமிஷம்," என்றேன். என் குரலில் இருந்தது பொறாமைதான். ஒரு குழலின் மேல், அதுவும் ஆடாக நடித்த குழலின் மேல்.

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆடு கிடைத்து, எல்லாரும் கைதட்டி, பிள்ளைகள் ஆளுக்கொரு பணிஸ் ரொட்டியோடு பஸ்ஸுக்குப் போனார்கள். வாசற்படியில் தலைவர் என்னைப் பிடித்தார்.

"மடுல்சீமை ரோட்டு எப்பிடி, ஐசே?"

"நல்ல ரோட்டு சேர்," என்றேன். தங்கச்சி அந்தப் பக்கம் திரும்பி இருமினாள்.

"வாற வருஷம் போவம். நீர் எழுதினதில அந்த மூண்டு வசனம் நல்லா இருந்தது."

"அது எழுதினது இல்ல சேர். வாயில வந்தது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது சிரிப்புக்கு ஒதுக்கிய நேரம் போலிருக்கிறது.

"அப்ப அங்கயும் எழுதாம வாரும்."