மில்லுக்குள் ஒரு டிக்

போன கிழமை ஓடிக்கொண்டிருந்த என் நெல் மில்லை நானே நிறுத்தினேன். வாசலில் வவுணதீவிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறிகள் வரிசையாக நிற்கிற நேரத்தில்.

காரணம் ஒரு ஹெட்போன். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பியது. வெளி இரைச்சலைக் குறைக்குமாம். மில்லுக்குள் போட்டுக்கொண்டால் இருக்கிற காதாவது மிஞ்சும் என்றான்.

என் காதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? அஞ்சாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். அடுத்தவன் மில்லில் மூட்டை சுமந்து, இன்று ஏறாவூரில் சொந்த மில் வைத்திருக்கிறேன். காது இல்லாமலா?

பாட்டு ஒன்றும் போடாமல் சும்மா மாட்டினேன். மோட்டார் இரைச்சல் அப்படியே அமுங்கியது. மலிவுச் சாமானில் சும்மா இருக்கும்போதே 'ஸ்ஸ்' என்று ஒன்று ஓடுமே... அதுவும் இல்லை. சாமானின் சொந்த இரைச்சல் குறையக் குறையத்தான் சின்னச் சத்தத்துக்கு இடம் கிடைக்குமாம். சின்னதுக்கும் பெரிசுக்கும் நடுவில் உள்ள அந்தத் தூரத்துக்குத்தான் விலை என்று மகன் விளக்கியிருந்தான்.

அந்த அமைதிக்குள் கேட்டது — டிக்... டிக்... நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடியில்.

மில்லைப் பார்க்கும் தங்கராசாவைக் கூப்பிட்டேன். பழுகாமத்து ஆள், வாய்க்காரர். குனிந்து கேட்டார், ஒன்றுமில்லை என்றார். ஹெட்போனை நீட்டினேன், வியர்வைத் தலையில் எதற்கு என்று தள்ளிவிட்டார். மழை இருட்டுகிறது, இப்போது நிறுத்தினால் லொறியெல்லாம் அடுத்த மில்லுக்குப் போய்விடும், பிறகு இந்தப் பக்கம் திரும்பாது என்றார். அது உண்மைதான்.

"முதலாளி, டிக் உங்கட ஹெட்போனுக்குள்ளதான் இருக்கு. மில்லுக்குள்ள இல்ல."

லொறிக்காரர்கள் சிரித்தார்கள். நான் சுவிட்சை அணைத்தேன்.

அடியைக் கழற்றினால், பேரிங்குக்குள் ஒரு குண்டு பிளந்து கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பெல்ட்டும் அறுந்து, அறுவடைக் காலத்தில் மில்லைப் பூட்டியிருப்பேன். புதுப் பேரிங் போட்டு ஓடவிடும்வரை மழையும் பொறுத்தது, லொறிகளும் பொறுத்தன. பிளந்த குண்டைத் தங்கராசாதான் பொறுக்கி வெளியே எறிந்தார்.

சின்னச் சத்தம் இல்லாமல் போவதில்லை. பெரிய இரைச்சலுக்கு அடியில் கிடக்கிறது — அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டுமா என்ன?

வீட்டிலும் மாட்டிப் பார்த்தேன். பழைய ஃபேனின் இரைச்சல் அமுங்கியது. குசினியில் சமைத்தபடி மனைவி தனக்குள் முணுமுணுத்தது தெளிவாக வந்தது.

"பெரிய காதெண்டு ஊரெல்லாம் புளுகுறார். நான் கூப்பிட்டா மட்டும் விழாது."

மில்லில் தினமும் போடுகிறேன். வீட்டுக்கு ஃபேனே போதும்.