நாலாவது கிண்ணம்

அக்கா அவன் வீட்டில் கை நனைப்பதில்லை. மொக்கைச்சாமிக்கு நெஞ்சில் தைத்த முள் அதுதான்.

ரெட்டியார்சத்திரத்தில் ரெண்டு தெரு தள்ளித்தான் அங்காளம்மாள் வீடு. வருவாள், போவாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவாள். "உக்காருக்கா, ஒரு வாய் காப்பி குடி" என்றால் "இப்பத்தான் குடிச்சேன்" என்பாள். அவன் மகள் சடங்குக்குச் சீர்த்தட்டோடு வந்தவள், தட்டை இறக்கி வைத்துவிட்டு, பந்தி போடுகிற நேரம் பார்த்துச் செருப்பைத் தேடினாள். சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழெட்டு வருசமாக இதே கதை.

காரணம் ஊருக்கே தெரியும். முத்துக்கிருஷ்ணன், அவளுடைய ஒரே மகன், மொக்கைச்சாமியிடம்தான் வேலை பார்த்தான். போர்க்குழியிலிருந்து மோட்டாரைத் தூக்குவது, எரிந்துபோன காயிலைப் பிரித்துப் புதுசாகக் கட்டுவது. கன்னிவாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்று ஆள் வந்தது. "போய் என்னன்னு பாத்துட்டு வாடா" என்றான் மொக்கைச்சாமி. போன பையன் வளைவில் ஒரு மினிபஸ்ஸுக்கு அடியில் போய்விட்டான்.

அனுப்பினது இவன்தான். இல்லையென்று என்றைக்காவது சொன்னானா? ஆனால் பஸ்ஸை இவனா ஓட்டினான்? அக்கா வாயைத் திறந்து வைதிருந்தால், ரெண்டு அறை அறைந்திருந்தால், காலில் விழுந்து அழுதுவிட்டு எழுந்திருப்பான். அவள் வையவில்லை. சாப்பிடவில்லை, அம்புட்டுத்தான்.

அங்காளம்மாள் நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் நின்றவள். புருசன் போனபின் அந்தச் சம்பளத்தில்தான் ரெண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். மிஷின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. அதனால் அவள் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் மகன் பேரை மட்டும் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. படத்துக்கு மாலை போடவில்லை. அமாவாசைக்கு ஒரு இலை போட்டுப் படைக்கவில்லை. "படைச்சா அவன் செத்துட்டான்னு ஆயிரும்ல" என்று மகள் தமிழ்நிலாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாளாம்.

தமிழ்நிலா கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் மாமனிடம் வந்து, "ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு பேரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன் மாமா. அது ஒங்க வீடும் இல்ல, எங்க வீடும் இல்ல. அங்க அம்மா எப்படிச் சாப்புடாமப் போகுதுன்னு பாப்போம்" என்றாள்.

கடை திண்டுக்கல் பைபாஸில் இருந்தது. ரொனால்டு என்று டவுன்காரர், கப்பலில் சமையல் பார்த்தவர். அங்கே ஜப்பான் அடுப்பிலும் மெக்சிகோ அடுப்பிலும் மாறி மாறி நின்றவருக்கு, ரெண்டையும் ஒரே தட்டில் போட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஊரில் வந்து போட்டுவிட்டார். பிரியாணிக்குச் சனம் முண்டுகிற ஊரில் இவர் யாருக்கு இதைப் பொங்குகிறார் என்று மொக்கைச்சாமிக்கு விளங்கவில்லை. உள்ளே ஏசி. கூட்டமென்று நாலு பேர்.

அங்காளம்மாள் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்து மகள் பக்கம் உட்கார்ந்தாள். எதிரே மொக்கைச்சாமி. அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலி.

முதலில் முறுகலாக மடித்த ஒன்று வந்தது. உள்ளே மீன், முட்டைக்கோஸ்.

"என்னடி இது, தோசையைச் சுட்டுக் காயப்போட்டு மடிச்சிருக்கான்?"

"டாக்கோம்மா. மக்காச்சோளத்துல செஞ்சது."

"கோழித்தீவனத்துக்கு ஏத்திவிடுற சோளமா? இதுக்கு ஏசி வேறயா?" கடை முழுக்கக் கேட்டது. அடுப்படியில் யாரோ சிரித்தார்கள்.

"மெல்லப் பேசுக்கா" என்றான் மொக்கைச்சாமி.

"நான் மெல்லத்தான்டா பேசுறேன்."

பேசினாளே தவிர, தட்டைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தாள். தம்பி இருக்கிற மேசையிலும் கை நனைப்பதில்லை போலிருக்கிறது. தமிழ்நிலாவின் முகம் சுண்டிவிட்டது.

அடுத்தது சோறு. நாலு பேருக்கான செட்டாம். பரிமாறுகிறவர் நாலு கிண்ணத்தையும் கொண்டுவந்து நாலு இடத்திலும் வைத்துவிட்டார். காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒன்று. பிசுபிசுவென்று சூடான சோறு, மேலே பொரித்த மீன், கறுப்பு எள். கூடவே ஆளுக்கு ரெண்டு குச்சி.

மொக்கைச்சாமி குச்சியால் அள்ளிப் பார்த்தான். சோறு மடியில் விழுந்தது. கையால் சாப்பிடலாம் என்றால் இந்தச் சனியனை எங்கே வைப்பது? மேசை பளபளவென்று இருந்தது. சாமி கும்பிடும்போது ஊதுபத்தியை வாழைப்பழத்தில் செருகுவோமே, அந்தப் பழக்கத்தில், யாரும் தொடாத நாலாவது கிண்ணத்துச் சோற்றில் ரெண்டையும் நட்டமாகக் குத்தி வைத்தான். ஆவி குச்சியைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

ரொனால்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"அண்ணே, அண்ணே, அத எடுத்துருங்கண்ணே. அப்படிக் குத்தக் கூடாது."

"ஏன், கிண்ணம் ஓட்டையாயிருமா?"

"இல்லண்ணே. ஜப்பான்காரங்க செத்தவங்களுக்குப் படைக்கும்போதுதான் சோத்துல குச்சிய நட்டமா வைப்பாங்க."

சொன்னபிறகுதான் அவர் மூணு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். குச்சியைப் பிடுங்கக் கை நீட்டினார். அங்காளம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காத தம்பி. இருக்கட்டும்."

அவள் குரல் அவ்வளவு தணிந்து மொக்கைச்சாமி கேட்டதே இல்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். டம்ளரிலிருந்து உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி, எட்டி, அந்தக் கிண்ணத்தைச் சுற்றி விட்டாள். மேசையில் தண்ணீர் வட்டமாக நின்றது.

"முத்து" என்றாள். "மாமன் வச்சிருக்குய்யா. சாப்புடு."

அப்போதுதான் மொக்கைச்சாமிக்கு அந்த வாடை வந்தது. வார்னிஷ் வாடை. காயில் கட்டி முடித்து மேலே ஊற்றுவார்களே, அது. தன் கையை மோந்து பார்த்தான். சோப்புத்தான் மணந்தது. வாடை பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. தமிழ்நிலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு எந்த வாடையும் வரவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

அங்காளம்மாள் செத்த நேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள், யாரோ போதும் என்று சொன்ன மாதிரி. குச்சியைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். படைத்த சோற்றை வேண்டாம் என்று சொல்ல எந்த உறவுக்கும் வாய் கிடையாது. ஒரு கவளம் தின்றாள். அடுத்ததை உருட்டித் தம்பியிடம் நீட்டினாள்.

"சோறு புளிக்குதுடா" என்றாள்.

வாங்கித் தின்றான்.

அடுத்த வாரம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் அவன் வீட்டுக்கு வந்து, நடுவீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "ஆனந்தி, சோறு போடும்மா" என்றாள். மொக்கைச்சாமி பெண்டாட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, இருந்த வெஞ்சனத்தையெல்லாம் வைத்தாள்.

"இன்னொரு தட்டு வையி."

"யாருக்கு மதினி?"

"எங்கூட வந்திருக்கான்ல" என்றாள் அங்காளம்மாள்.

அதிலிருந்து வாராவாரம் வந்தாள். வாராவாரம் ரெண்டு தட்டு. அக்கா கை நனைக்க மாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தவன், அவள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டாலே பட்டறைக்குக் கிளம்பினான். அங்கேயும் நிம்மதி இல்லை. வார்னிஷ் டின்னைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. ஸ்பானரைக் கேட்டுக் கையை நீட்டிவிட்டுப் பிறகு இழுத்துக்கொள்வான். தோட்டத்து மோட்டாரைக் கொண்டுவந்த சம்சாரிகள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மார்கழியில் அவளுக்கு இருமல் முற்றியது. பஞ்சுத்தூசியைத் தின்ற நெஞ்சு. தை பிறந்து கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தாள். சளி கட்டிவிட்டது என்று டாக்டர் சொன்னதைத்தான் மொக்கைச்சாமி கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் போயிருந்ததையும், அங்கே செய்ததையும் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டிலில் சுவர்ப்பக்கம் ஒடுங்கிப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டிருந்தாள். தமிழ்நிலா மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"ஏலே மொக்க, நாலு நாளா அவனக் காணோம்டா."

"வருவான்க்கா. நீ தூங்கு."

"நான் கூப்புட்டா அவனுக்குக் காதுல விழ மாட்டேங்குது. காலையில வேலைக்குக் கூப்புட வருவேல்ல, வண்டிய ஆஃப் பண்ணாம, வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுப்பியே. அதுக்குத்தான் அவன் எந்திரிப்பான்."

"போனவன வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்புடப்படாதுக்கா."

"கூப்புட்டா என்னாகும்?"

"வந்தவன் தனியாத் திரும்ப மாட்டான்னு சொல்வாங்கக்கா." வெளியே விளக்கு வைக்கிற நேரம்.

"எனக்குத் தெரியாதாடா? தெரிஞ்சுதான் கேக்குறேன்" என்றாள். "ஒன் வீட்டுல கை நனைச்சுட்டேன்ல. இனி எனக்கு என்ன இருக்கு? எந்திரிச்சு வாசலுக்குப் போ. ஒரே ஒரு சத்தம் குடு."