மூன்றாம் கட்டுக்குக் கேட்காத பாஷை

வெள்ளைக்காரர் ஒருவரோடு நாள் முழுக்க இங்கிலீஷ் பேசிக்கொண்டே போகலாம் என்ற ஆசையில்தான் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டேன். பதினெட்டு வருஷமாகத் திருச்சியில் பையன்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கிறேன். கற்பித்த சரக்கை இங்கிலீஷ்காரர் யாரிடமும் இதுவரை செலாவணி செய்து பார்த்ததில்லை.

அழைத்தவன் என் பழைய மாணவன் சொக்கலிங்கம். திருமயத்துக்கு மூன்று மைல் தள்ளி அவன் ஊர். ஊர்ப் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். குடும்பத்துக்குப் பினாங்கில் லேவாதேவிக் கடை. நாலு வருஷத்துக்கு முன் இவன் தபால் மூலமாக எஸ்பெராந்தோ என்றொரு பாஷை கற்றுக்கொண்டான். எந்த ஊரிலும் தானாகப் பிறந்த பாஷை அல்ல அது. உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று ஐரோப்பாவில் ஒரு கண் வைத்தியர் உட்கார்ந்து செய்தது. அதைப் பேசுகிறவர்கள் தேசத்துக்கு நாலு பேராகச் சிதறிக் கிடக்கிறார்களாம். ஒருவர் ஊருக்கு இன்னொருவர் போனால் சோறு போட்டு, படுக்க இடமும் கொடுப்பார்களாம். அப்படி ஊர் சுற்றும் டென்மார்க் தேசத்துத் தச்சர் ஒருவர் திருச்சிக்கு வருகிறார், கையோடு அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தான்.

தை மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி. திருச்சி ஜங்ஷனில் மூன்றாம் வகுப்பு டிக்கெட், புதுக்கோட்டைக்கு ஆளுக்கு ஒன்பதணா. தச்சர் பெயர் நீல்ஸ். காதில் ஒரு தட்டைப் பென்சில், தோளில் ஒரு பை. முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்த, மூன்று கிளைகள் விட்ட வரவேற்பு வாக்கியத்தை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தேங்க் யூ" என்றார். அடுத்த வாக்கியத்துக்கும் அதையே சொன்னார். அவரிடம் இருந்த மொத்த இங்கிலீஷும் அவ்வளவுதான் என்பது மூன்றாவது வாக்கியத்தில் எனக்கு விளங்கியது.

அவரைக் கண்டதும் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"யாருங்க, கலெக்டரா?" என்றார் பச்சைத் தலைப்பாகைக்காரர் ஒருவர்.

"தச்சர்."

"வெள்ளைக்காரவுகள்ளயும் தச்சர் உண்டுமா? அப்ப அவுகளும் மரத்தைச் சீவித்தான் கஞ்சி குடிக்கணுமாக்கும்!" என்று சந்தோஷமாக உட்கார்ந்து, அவருக்கும் இடம் விட்டார். தலைப்பாகைக்காரர் பினாங்கில் ஒன்பது வருஷம் இருந்தவர். மலாய் பாஷையில் ஏதோ கேட்டுப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் இந்திப் புத்தகம் வைத்துக்கொண்டிருந்த வாலிபர், படித்த வரைக்கும் வீணாகக் கூடாதென்று இரண்டு வாக்கியம் விட்டார். ஒரே பெட்டியில் தமிழ், இங்கிலீஷ், மலாய், இந்தி நாலும் ஆஜராகி, நாலும் தோற்றன.

தச்சர் காதுப் பென்சிலை எடுத்தார். என் பத்திரிகையின் ஓரத்தில் ஒரு வீடு, ஒரு மனைவி, மூன்று குழந்தைகள் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டன. பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் என் மனைவியை வரைந்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, மரியாதையாகப் பக்கத்தில் ஒரு மாட்டுத் தொழுவம் வரைந்து கொடுத்தார். கீரனூர் வருவதற்குள் பெட்டியில் எல்லோரும் அவரிடம் தங்கள் குடும்பத்தைப் படமாகச் சொல்லி முடித்திருந்தார்கள்.

புதுக்கோட்டை, ஒன்பதே முக்கால். ரயில் திருமயத்துக்கும் போகும். ஆனால் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் நிற்பது பஸ்தான் என்று சொக்கலிங்கம் எழுதியிருந்ததால் இறங்கிவிட்டோம். நூல் பிடித்தாற்போல நேரான தெருக்கள். காப்பி கிளப்பில் இரண்டு காப்பி குடித்து, மிச்சத்துக்குச் சமஸ்தானத்து அம்மன் காசுகளை வாங்கிக்கொண்டேன். அணாவுக்கு இருபது காசு. சட்டைப் பை கனத்தது, ஐசுவரியம் கூடவில்லை. தச்சர் ஒரு காசை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அம்மனைப் பத்திரமாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பஸ்ஸுக்கு நாலணா, தூரம் பன்னிரண்டு மைலுக்குச் சற்றுக் கூட.

ஊர் விலக்கில் வில்வண்டியோடு சொக்கலிங்கம் நின்றிருந்தான். முகம் பரீட்சை ஹாலில் பார்த்த அதே முகம். காரணம் இருந்தது. நாலு வருஷமாக அந்தப் பாஷையைப் படிக்கிறான். தன் மனைவியின் வாயைத் தவிர வேறு வாயில் அதைக் கேட்டதில்லை. தபாலில் வந்த உச்சரிப்பு சரியோ தப்போ, யார் கண்டது?

"சலூதோன்!" என்றான், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"சலூதோன்!" என்று தச்சர் அவனைக் கட்டிக்கொண்டார். அப்புறம் இருவரும் பேசினார்கள், பேசினார்கள், நான் தச்சரின் பையை வண்டியில் ஏற்றி, நானும் ஏறி உட்காரும் வரை பேசினார்கள்.

வண்டி கிளம்பியதும் தச்சர் இறங்கி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வண்டிக்காரரோடு முன்னால் நடந்தார். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். இந்தப் பாஷையை ஏன் பிடித்தாய் என்று கேட்டேன்.

"எங்க வீடு மூணு கட்டு வாத்தியாரய்யா. மொதக் கட்டுல தும்முனா மூணாங் கட்டுலருந்து 'நூறு'ங்கிறாக. எந்நேரமும் இருவது பேரு. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த பேச வழியில்ல. தமிழ் எல்லாருக்கும் தெரியும். மலாய் அப்பச்சிக்கும் அண்ணங்களுக்கும் தெரியும்."

"இங்கிலீஷ்?"

"அண்ணங்க ரெண்டு பேருக்கும் நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?" என்றான் வருத்தத்தோடு. "மிச்சமிருந்தது இது ஒண்ணுதான். நான் பாடம் படிச்சு உமையாளுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவ என்னைவிடச் சுருக்காப் பிடிச்சுக்கிட்டா. முத்தத்துல ஒக்காந்து எல்லாருக்கும் முன்னால பேசுவோம். ரெண்டும் பாடம் படிக்கிதுகன்னு வீட்டுல நெனப்பு."

"ஆக, உலக சமாதானத்துக்காகச் செய்த பாஷையில் நீங்கள் சண்டை போடுகிறீர்கள்."

"சண்டையும் போடுவோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாசி மாசம் நாகப்பட்டினத்துல கப்பல். மூணு வருசக் கணக்கு, பினாங்குக்கு. இந்தத் தடவ அவளையும் கூட்டிட்டுப் போகணும். எங்க வீட்டுப் பொம்பளைக யாரும் கப்பல் ஏறுனதில்ல. ஆத்தா சரின்னு சொல்லணும்."

"கேட்டாயா?"

"எப்படிக் கேக்குறதுன்னு எட்டு மாசமாப் பேசிக்கிட்டிருக்கோம்."

"எந்தப் பாஷையில்?"

"அதுலதான்."

வீடு ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் முடிகிறது. சொக்கலிங்கத்தின் தாயார், விசாலாட்சி ஆச்சி, வாசலுக்கே வந்து அழைத்தார். தச்சர் கும்பிட்டுவிட்டு நேரே தேக்குத் தூணிடம் போய்த் தடவிப் பார்த்தார்.

"தூணத் தடவுறாரே, வெலைக்குக் கேக்குறாரா?" என்றார் ஆச்சி.

"தச்சர் அல்லவா, அதுதான்."

"நல்லவேள." ஆச்சி என்னைத் தனியே நகர்த்திக்கொண்டு போனார். "வாத்தியாரய்யா, இங்கிட்டு வாங்க. ஒண்ணு கேக்கணும். எம் மகனும் மருமகளும் நாலு வருசமா ஒரு பாஷை படிக்கிதுக. பரீட்சை இல்ல, பட்டம் இல்ல. ஆனா நடுவுல நடுவுல சிரிக்கிதுக. பாடம் படிக்கையில சிரிப்பு வருமுங்களா?"

"என் வகுப்பில் வந்ததில்லை ஆச்சி."

"அப்படிச் சொல்லுங்க! இவருக்கு அந்தப் பாஷை தெரியுமுல்ல? இதுக என்ன பேசுதுகன்னு இவருகிட்டக் கேட்டு எனக்குச் சொல்லுங்க."

கேட்கலாம். ஆனால் நான் கேட்பதைத் தச்சருக்குச் சொல்லவும், தச்சர் சொல்வதை எனக்குச் சொல்லவும் அந்த வீட்டில் இரண்டே பேரால்தான் முடியும். திருடனைப் பற்றிய புகாரைத் திருடனே எழுதிக்கொள்ளும் ஸ்டேஷன் அது. "ஆகட்டும் ஆச்சி" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். ஆச்சி எதிரே உட்கார்ந்துகொண்டார். சொக்கலிங்கம் அப்பச்சி என்று சொல்லும் அவன் தகப்பனார் சாய்வு நாற்காலியில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உமையாள் வெண்டைக்காய் மண்டி பரிமாறிக்கொண்டே தச்சரிடம் அந்தப் பாஷையில் சரளமாக ஏதோ சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. ஆச்சியின் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்து, ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார்.

"என்ன சொல்றாரு?" என்றார் ஆச்சி.

"மண்டி நல்லாருக்குன்னு சொல்றாரு ஆத்தா" என்றான் சொக்கலிங்கம்.

"இம்புட்டு நேரமா மண்டியவா சொன்னாரு?"

"கொழம்பையும்."

தச்சர் ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கை கழுவி வந்ததும் என் பத்திரிகையை வாங்கினார், காதுப் பென்சிலை எடுத்தார்.

புகை விடும் கப்பல். மேல்தட்டில் சொக்கலிங்கத்தின் மீசையோடு ஒருவன். பக்கத்தில், மூக்குத்தி உட்பட, உமையாள். கரையில், வளர்த்த காதோடு, கையை உயர்த்தி வழியனுப்பும் ஆச்சி. பினாங்கு போகிறோம் என்று அவரிடம் சொன்னவர்கள், அது ரகசியம் என்று சொல்ல மறந்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் அதை ஆச்சியிடம் கொடுத்து வணங்கினார்.

மூன்றாம் கட்டிலிருந்து உரல் சத்தம்கூட நின்றுவிட்டது.

"இது யாரு?"

"நான்தான் ஆத்தா."

"பக்கத்துல?"

கதவு நிலையிலிருந்து, "நான்" என்றாள் உமையாள்.

"கரையில நிக்கிறது நானாக்கும்." ஆச்சி தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "காது நல்லா வந்துருக்கு." பிறகு மகனைப் பார்த்தார். "நாலு வருசமாப் பாஷை படிச்சீக. எங்கிட்ட வாயத் தொறந்து ஒண்ணு கேக்க ஒரு பாஷையும் படிக்கலயா?"

"மாட்டேன்னு சொல்லிட்டா..."

"நீ எப்பக் கேட்ட, நான் மாட்டேன்னு சொல்றதுக்கு?" என்றவர், சாய்வு நாற்காலியைக் காட்டி என் பக்கம் திரும்பினார். "இவுக அஞ்சு கணக்குப் பினாங்குக்குப் போயிட்டு வந்தாக வாத்தியாரய்யா. பதினஞ்சு வருசம். அங்க மரம் எப்படி இருக்கும், மழை எப்படிப் பேயும்னு ஒரு நா சொன்னதில்ல. கேட்டா, 'நல்லா இருந்துச்சு'ம்பாக."

பஞ்சாங்கத்துக்குப் பின்னாலிருந்து, "நல்லாத்தான இருந்துச்சு?" என்றது ஒரு குரல்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் ஆச்சி.

ஆச்சி உமையாளைக் கூப்பிட்டார். "போயிட்டு வா. ஒரு கணக்கு, மூணு வருசம். காயிதம் நீ போடு. அவன் போட வேணாம், அவன் இவுக மகன். மரத்துலருந்து ஆரம்பிச்சு எழுது. தமிழ்ல எழுது."

உமையாள் தலையை ஆட்டினாள். பழக்க தோஷத்தில் புருஷனிடம் அந்தப் பாஷையில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"இப்ப என்ன சொன்னா?"

சொக்கலிங்கம் தயங்கினான். "எட்டு மாசத்துக்கு முந்தியே கேட்டிருக்கலாம், நீங்கதான் பயந்தீங்கன்னு என்னையச் சொல்றா ஆத்தா."

"இது சரியாத்தான் இருக்கு" என்று ஆச்சி படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என் பத்திரிகையில் அன்றைய தலையங்கமும் அதோடு போயிற்று, நஷ்டமில்லை.

நாலு மணிக்கு நான் விடைபெற்றுக்கொண்டேன். தச்சர் இரண்டு நாள் தங்குகிறார். மூன்றாம் கட்டில் இறுகிப்போன கதவு ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். ஆச்சி பக்கத்தில் நின்று, "அங்கிட்டு இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் சொல்ல, அவர் தன் பாஷையில் பதில் சொல்லிக்கொண்டே அங்கிட்டு இன்னும் கொஞ்சம் சீவினார். மொழிபெயர்க்க யாரும் கூப்பிடப்படவில்லை.

அதே நாலணா, அதே ஒன்பதணா. ரயிலில் இங்கிலீஷ் பேச ஆள் இல்லை, ஆசையும் இல்லை. என் வீட்டை நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு அறை, இரண்டு பேர். ஒட்டுக்கேட்க ஒருவரும் இல்லை. இருவருக்கும் தாய்மொழி தமிழ். இத்தனை சௌகரியத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் பேசுவது, உப்புப் போதுமா என்பதும் விளக்கை அணைக்கலாமா என்பதும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்து, "போன எடம் எப்படி இருந்தது?" என்றாள்.

"நல்லா இரு..." என்பது வரை வந்துவிட்டது. தண்ணீரோடு சேர்த்து அதை விழுங்கினேன்.

"கீரனூர் தாண்டினதும் பாதைக்கு ரெண்டு பக்கமும் பனை மரம்" என்று ஆரம்பித்தேன். "செம்மண். அந்தக் காலை வெயிலில் மண்ணே பழுத்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு கண்மாய், அதில் பாதித் தண்ணீர், பாதி கொக்கு." ரயிலில் அவளை நான் வரைந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டாள். அப்புறம் மணையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.