பாதி வளையல் படம்

சங்கரலிங்கம் இறந்த செய்தி எனக்கு ஸ்டுடியோ வாசலில் வந்தது. பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து, "அண்ணாச்சி, சங்கரலிங்கம் அண்ணாச்சி தவறிட்டாவளாம். நெஞ்சுவலியாம்" என்றார். "என்னய்யா உளறுத? நேத்து சாயங்காலம் எங்கூடச் சண்டை போட்டுட்டுல்லா போனான்!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

அவனை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான். கோவில்பட்டியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது. கேமரா என்னிடம், இருட்டறை அவனிடம். கல்யாணம், காதுகுத்து என்று நான் ஊர் ஊராக அலைவேன். அவன் சிவப்பு பல்புக்கு அடியில் கேமராவே இல்லாமல் படம் பண்ணுவான். போட்டோ பேப்பர்மேல் பருத்திக்காய், தீக்குச்சி, சாவி என்று எதையாவது பரப்பி, வெள்ளை விளக்கை ஒரு கணம் போட்டு அணைப்பான். மருந்துத் தண்ணீரில் போட்டால் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். ஊரில் கலர் படம் வந்த பிறகும் அவன் இதை விடவில்லை. "ஏலே, பேப்பர் என்ன மரத்துலயா காய்க்கு?" என்று கத்துவேன். "மனுசன் மூஞ்சியத்தான் எல்லாரும் எடுக்காவ. மனுசன் தொட்டுப் புழங்குனத யாரு எடுக்கா?" என்பான்.

அவன் மனைவி ராமலட்சுமி ஒருமுறை கோபித்துக்கொண்டு இடைசெவலுக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் இவன் வாயைத் திறப்பதே இல்லை என்பதுதான் சண்டை. புருஷன் போய் அழைத்தால்தானே வருவாள்? "போய்க் கூப்பிடுலே" என்று விரட்டினேன். "என்ன சொல்லிக் கூப்பிட?" என்று விழித்தான். கடைசியில் அவள் விட்டுப்போன சீப்பு, கரண்டி, கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் வைத்து ஒரு படம் பண்ணித் தபாலில் போட்டான். வளையலைப் பேப்பர் ஓரத்தில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்திருந்தான். படத்தில் பாதி வளையல்தான் விழுந்திருந்தது. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. இரண்டு மடையன்கள்!

படம் போய்ச் சேர்ந்த அன்றே அப்பாவும் மகளும் பஸ் பிடித்து நேரே கடைக்கு வந்துவிட்டார்கள். அவள் இவனை மேலும் கீழும் பார்த்து, "உசுரோடதான் இருக்கியளா?" என்று அழுதாள்.

"மாப்ள, கட்டுன பொண்டாட்டிக்கு ஒடஞ்ச வளையல அனுப்புவாவளா? எங்க வீடே எழவு வீடாயிட்டு!" என்று மாமனார் குதித்தார்.

சங்கரலிங்கம் இருட்டறையிலிருந்து அந்த வளையலை முழுசாக எடுத்துவந்து நீட்டினான். "ஒடயல மாமா" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "பாதி வீடு ஒங்கூட வந்துட்டுன்னு சொல்லத்தான் அப்படி வச்சேன்" என்றான்.

"அத வாயால சொன்னா கொறஞ்சா போயிருவிய?" என்றாள் அவள். அன்று அப்பா மட்டும்தான் ஊர் திரும்பினார்.

அவன் இறந்தபின் மாலை போடுவதற்கு அவன் படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் ஒதுங்குகிறவன். கல்யாணப் படத்தையும் கரையான் தின்றிருந்தது. பதினாறாம் நாள் காரியம் கழியாமல் வெளியே போகக் கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தும், ராமலட்சுமி அவன் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "அண்ணாச்சி, அவிய பண்ணுத மாதிரி ஒண்ணு பண்ணித் தாங்க" என்றாள். எனக்கு இருட்டறை வேலை கைவராது. விளக்கை அதிக நேரம் போட்டுவிட்டதில் முதல் பேப்பர் முழுக்கக் கறுத்துப்போயிற்று. இரண்டாவது பேப்பரில் கண்ணாடியை வைத்ததும், "பொறுங்க" என்று சொல்லித் தன் கையையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளையாக விழுந்திருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு, உயிரோடு இருப்பவள் கைக்கு மாலை போடுவதா என்று பெரியவர்கள் பதறினார்கள். "மாலை வேண்டாம். படம் இருக்கட்டும்" என்றாள் ராமலட்சுமி. அவள் வீட்டுச் சுவரில் அது மாலையில்லாமலே தொங்குகிறது.

கறுத்துப்போன முதல் பேப்பர் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவன் நினைவாக நான் வைத்துக்கொண்டது அதுதான். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் வாய்விட்டே கேட்டுவிடுகிறேன்: "வெளக்க எவ்வளவு நேரம் போடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதாலே?"