லூர்து எழுதிய இரண்டு சராசரிகள்

செய்தி பாடாலூர் டீக்கடையிலிருந்து வந்தது. "சார், நம்ம லூர்து சார் காலைல போயிட்டாருங்க" என்றார் கடைக்காரர். அவரை அறிந்த உங்களிடம் இந்த அஞ்சலியில் மறைக்க விரும்பவில்லை: இனி என்னை முந்திக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் அரியலூர் நிருபர். அவர் வேறொரு நாளிதழின் பெரம்பலூர் நிருபர். சுண்ணாம்புக்கல் சுரங்கத் தூசியைப் பற்றி அவருக்கு முன்பே எழுதத் தொடங்கியவன் நான். ஆனாலும் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களுக்குப் போனால், "லூர்து சார் வரலீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவர் புள்ளியியல் படித்தவர். அந்தப் படிப்பின் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

ஒருமுறை, அப்படியோர் ஊரின் காற்றில் ஈயம் எவ்வளவு என்று ஓராண்டு அளந்த தாள்கள் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் கிடைத்தன. பாதிக் கட்டங்களில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தது. நான் அவற்றைப் பூஜ்யமாக வைத்துச் சராசரி போட்டு, ஈயம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் என்று எழுதிவிட்டேன். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது.

அன்று அதே டீக்கடையில் லூர்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், காய்கறித் தராசுல மூக்குத்தியை வச்சா முள்ளு அசையாது. அதுக்காக மூக்குத்தியே இல்லன்னு எழுதிடுவீங்களா?" கடையே சிரித்தது. "நீங்க எழுதுங்க, பாப்போம்" என்றேன்.

நான்கு நாள் கழித்து எழுதினார். அந்தக் கட்டங்களைப் பூஜ்யமாக வைத்து ஒரு சராசரி. கருவியால் காணக்கூடிய மிகக் குறைந்த அளவை வைத்து இன்னொன்று. முதலாவது வரம்புக்குள், இரண்டாவது வரம்புக்கு மேல். 'உண்மை இவற்றுக்கு இடையில் இருக்கிறது. எங்கே என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது' என்று முடித்திருந்தார். உள்பக்கத்தில், கால் பத்தி. அதை நான் எழுதியிருக்க வேண்டும் என்று இன்றும் வயிறு எரிகிறது.

ஊர்க் கூட்டத்தில் சுரங்கத்துக்காரர் என் செய்தியைத்தான் உயர்த்திக் காட்டினார். நுண்ணிய கருவியால் மறுபடி அளக்க வேண்டும் என்று கேட்க வந்திருந்த ஒரு பெண் என்னைக் காட்டி, "இவரு எழுதினதாலதான் எங்க பேச்சு எடுபடல" என்றார். லூர்து எழுந்தார். எல்லோர் முன்பும் என்னைக் கிழித்திருக்கலாம். "அவரு கையில இருந்த தாளு அப்படிங்க. அந்தத் தாளே பத்தாது. மறுபடி அளக்கணும்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெருந்தன்மை மீதும் சேர்த்தே பொறாமைப்பட்டேன்.

வெளியே வந்ததும், தன் கையெழுத்தில் இரண்டு சராசரிகளும் இருந்த தாளை என்னிடம் தந்தார். "திருத்தம் எப்ப சார் போடுவீங்க?" அதன்பின் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்வி, பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும். நான் போடவேயில்லை. அவர் சொல்லி நான் திருத்துவதா என்ற வீம்பு.

அந்த ஊரில் இன்றுவரை மறுபடி அளக்கவில்லை. லூர்துவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள்தான். திருத்தம் இதோ: அந்தக் கட்டங்களில் இருந்தது 'கண்டறியப்படவில்லை' என்பதுதான், பூஜ்யம் அல்ல. அந்த ஊர்க் காற்றில் ஈயம் வரம்புக்குள் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, ஆனால் அதை அவர் அன்றே எழுதிவிட்டார்.