அப்பா வீட்டின் மேல் இரண்டு வளையங்கள்

பூகம்பம் வந்த ஊர்களில் தரை எவ்வளவு நகர்ந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிடுவது என் வேலை. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்தபடி, அதிர்வுக்கு முன் எடுத்த ரேடார் படத்தையும் பின் எடுத்ததையும் கணினியில் பொருத்துவேன். தரை அசைந்த இடத்தில் வண்ண வளையங்கள் தெரியும். ஒரு வளையத்துக்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். யாரோ ஊர், யாரோ வீடு. எண்ணி முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

ஒரு நாள் காலை, அப்பாவும் அம்மாவும் இருக்கும் குஜிலியம்பாறைப் பக்கம் பூமிக்குள் வெடி வெடித்ததுபோல் சத்தம். எங்கள் வீட்டில் பாத்திரங்கள் உருண்டனவாம். "குவாரில வெடி வச்சிருப்பாய்ங்க," என்று அப்பா போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மாலை செயற்கைக்கோள் எடுத்த படம் அதற்கடுத்த நாள் கைக்கு வந்ததும் பழைய படத்தோடு பொருத்தினேன். எங்கள் ஓட்டு வீட்டின் மேல் இரண்டு வளையங்கள். சின்ன அதிர்வுக்கெல்லாம் இப்படி வளையம் விழாது என்று படித்தவன்தான் நான். அப்பா, அம்மா என்றதும் படித்ததெல்லாம் பறந்துபோனது.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். "நேத்து சாயங்காலம் அம்புட்டு மழை, அப்பு! உழவுக்கு டிராக்டர் சொல்லிருக்கேன்," என்று ஆரம்பித்தார். மானாவாரிக்காரர்கள் போனை எடுத்தால் மழையில்தான் தொடங்குவார்கள். நான் மேலே பேசவிடவில்லை.

"வீட்டுக்குள்ள இருக்காதீங்கப்பா. தரை எறங்கிருக்கு. எப்ப வேணாலும் விழும்!"

அவர் உடனே அம்மாவைக் கூப்பிட்டு வெளியே வரச் சொன்னார். அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

அடுத்த படத்துக்குப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் இருவரும் மாட்டுக்கொட்டகையில் கிடந்தார்கள். சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். போன் அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தேன்.

புதிய படத்தை அதிர்வுக்கு முன் எடுத்த படத்தோடு பொருத்தியபோது ஒரு வளையம்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. வளையம் காட்டிய படம் எடுத்த மாலையில் வானத்தில் இருந்த மழை ஈரம் ரேடாரை ஏமாற்றியிருக்கிறது. அப்பா எடுத்த எடுப்பிலேயே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப உள்ள போகலாமாப்பு?" என்று மட்டும் கேட்டார்.

போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு முறை தவறாகப் பார்த்தவன், இந்த முறை சரியாகத்தான் பார்த்தேன் என்று எதை வைத்துச் சொல்வது? "செத்த பொறுங்கப்பா, நானே வாரேன்," என்று பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் போய் உத்தரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். இருவரும் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார்கள்.

"வாங்க," என்றேன். அம்மா உள்ளே கால் வைத்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.