சவரிமுத்து கூப்பிட்ட பெயர்கள்

"சார், நம்ம கிரவுண்டு ஏன் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு?"

சவரிமுத்து என்னிடம் இப்படிக் கேட்டது நான் ஓய்வு பெற்ற வருடத்தில். அந்தமானில் நம் பம்பூஃப்ளாட் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்து, ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். யாராவது கேள்வி கேட்டால் விளக்கம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர்களான நாம் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்கிறோம், ஒரு மூலையில் கத்தினால் அடுத்த மூலை வம்புக்கு இழுப்பதாக நினைக்குமோ என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம் என்று பத்து நிமிடம் பேசினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "காரணம் எனக்கும் தெரியும் சார். என்ன செய்யலாம்னுதான் கேட்டேன்."

போன வியாழக்கிழமை காலை அவனைப் பார்க்கத்தான் கிளம்பினேன். அக்கரையில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ரெஜினா கூட இருந்தாள். அவளுக்காக இட்லி கட்டி எடுத்துக்கொண்டு, சாத்தம் போகும் ஃபெர்ரிக்காக ஜெட்டியில் நின்றேன். அவனோடு அதே ஃபெர்ரியில் பல வருடம் வேலை பார்த்தவர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். "ஏற வேணாம் சார். சவரி இந்தப் பக்கம்தான் வர்றான்" என்றார். டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு நொடி மகிழ்ச்சி. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அவனை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவனை 'அவன்' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தமிழ் வகுப்பில் படித்தவன். என் மாணவனுக்கு நான் இரங்கல் எழுதும்படி ஆகும் என்று நினைத்ததில்லை.

அவன் தகப்பனார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்தவர். படகுக்குப் படகு கூப்பிட்டுப் பேசும் வீட்டில் வளர்ந்ததால் அவனுக்கு மெதுவான குரல் என்று ஒன்று இருந்ததே இல்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் சொல்லும் "உள்ளேன் ஐயா" சுவரைத் தாண்டிப் போகும். அடுத்த வகுப்பில் கணக்கு நடத்தியவர் ஒருநாள் வந்து, "உங்க பையன் எங்க கிளாஸுக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் கொடுக்கிறான்" என்றார். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கும் என்று சொல்லி, அந்தப் பாடம் முடியும்வரை அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். என் பிள்ளைகளில் பலரையும் அப்படி நிறுத்தியிருக்கிறேன். யாரும் அதை மனதில் வைத்திருப்பதாக எனக்குத் தெரியாது.

அந்தக் குரல்தான் பிறகு அவனுக்குச் சோறு போட்டது. ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலை. கடைசி நிமிடத்தில் ஓடிவருகிறவர்களை ஊர்ப்பெயரும் வீட்டுப்பெயரும் சொல்லிக் கூப்பிடுவான். "ஓ பெரார்கஞ்ச் பாபி, செருப்பு அறுந்தா பரவால்ல, போட் போயிடும்!" என்று கத்துவான். அவன் இந்தியில் அண்ணி என்று கூப்பிட்ட அந்த அம்மாள் திட்டிக்கொண்டே ஏறுவாள். ஏறியதும் அவனிடமே தண்ணீர் வாங்கிக் குடிப்பாள்.

மைதானத்துக்கு அவன் செய்த முதல் காரியம் கத்தியது அல்ல. ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் கொண்டுவந்து கிழக்குப் பக்கத்தில் மட்டும் கட்டினான். நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மூலையிலும் இருந்தவர்கள் பாதி ஆட்டத்தில் ஒரே கூரைக்கு அடியில் ஓடிவந்தார்கள். பத்துப் பிள்ளைகளைப் பத்து மூலையில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் ஒருவர்கூடப் பாட மாட்டார்கள், ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்தால் பாடாதவனும் வாயசைப்பான். முப்பது வருடம் வகுப்பறையில் இதைப் பார்த்திருந்தும் மைதானத்துக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. அடுத்த வாரமே டீ விற்கும் வங்காளி அண்ணன் ஷியாமல் தாதாவைத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் அடுப்பு வைக்கச் சொன்னான். "மழை நின்னாலும் ஆள் நகராது பாருங்க" என்றான். அப்படியே ஆயிற்று.

அடுத்தது பெயர்கள். ஒரு முறை தெற்கே கடைசித் தீவிலுள்ள கேம்பல் பேயிலிருந்து ஓர் அணி கப்பலில் வந்திருந்தது. அவர்களுக்கென்று மைதானத்தில் ஓர் ஆள் இல்லை. சவரி ஆட்டத்துக்கு முன்பே அவர்களிடம் போய்ப் பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தான். பிறகு தார்ப்பாய்க்கு அடியில் எழுந்து நின்று, "நான் பேரைச் சொல்லுவேன். நீங்க எல்லாரும் 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும்" என்று இந்தியில் அறிவித்தான்.

ஷியாமல் தாதா கெட்டிலைக் கீழே வைத்தார். "உள்ளேன் ஐயா மானே க்யா?"

"நான் இங்கேதான் இருக்கேன்னு அர்த்தம், தாதா."

"ஆடுறவன் இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதே. நான் எதுக்குச் சொல்லணும்?"

"அவனுக்காகச் சொல்ல இங்க வேற யாரு இருக்கா?"

குர்மீத் என்ற பின்கள ஆட்டக்காரரிடம் பந்து வந்தது. முன்னாள் ராணுவக்காரர் வீட்டுப் பிள்ளை. சவரி "குர்மீத்!" என்று கூப்பிட்டான். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் சேர்ந்து "உள்ளேன் ஐயா!" என்றார்கள். குர்மீத் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நம் ஆட்கள் கோல் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் சவரி ஓடிப்போய், "தப்பு என்னுதுதான் பாய்" என்று மன்னிப்புக் கேட்டான். குர்மீத் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன். இந்த ஊர்ல என் பேரு எவனுக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன். கோல் போனா போகட்டும்."

அன்று முதல் அது நம் மைதானத்தின் வழக்கமாயிற்று. எந்த ஊர் அணி வந்தாலும் அவர்கள் பெயர்தான் முதலில் வரும். "நம்ம பசங்களுக்கு அம்மா அப்பா பக்கத்துலயே இருக்காங்க. வெளியூர்க்காரனுக்குத்தான் ஆள் வேணும்" என்பான்.

ஆனாலும் ஒரு குறை அவனுக்கு இருந்தது. அது நான். கூட்டத்தில் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள், கத்துவதற்கு முன்னால் ஒருமுறை என் பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவன்தான் கண்டுபிடித்தான். "சார், தப்பா நெனைக்காதீங்க. சேரை எடுத்துக்கிட்டு அந்தக் கோல் போஸ்ட் பின்னாடி போறீங்களா? நீங்க இங்க உக்காந்தா பயலுகளுக்குப் பரீட்சை ஞாபகம் வருது." நான் சிரித்துக்கொண்டே இடம் மாறினேன். கோல் போஸ்டுக்குப் பின்னாலிருந்து கேட்டபோது கூட்டத்தின் சத்தம் உண்மையிலேயே கூடியிருந்தது.

பிறகு அவன் குரல் கரகரத்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தோம், அவனும் நினைத்தான். கட்டி என்று தெரிந்து, சென்னைக்குப் போய், குரல்வளையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். கழுத்தில் ஒரு துளையும் அதன் மேல் வெள்ளைத் துணியும் இருந்தன. பேச வேண்டியதைக் கைப்பேசியில் தட்டிக் காட்டுவான்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மைதானத்துக்கு வந்துவிட்டான். அன்று நாம் எல்லோரும் என்ன செய்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவன் முன்னால் எப்படிக் கத்துவது, அவன் மனது நோகாதா என்று நினைத்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூலைக்கொருவராக உட்கார்ந்திருந்த காலத்தில்கூட அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. ஆட்டத்தின் நடுவில் அவன் என்னிடம் வந்து, வெளியூர் அணியின் பெயர்கள் எழுதிய தாளைக் கொடுத்தான். "நீங்க கூப்பிடுங்க சார். நீங்க கூப்பிட்டா எல்லாரும் பதில் சொல்லுவாங்க. அட்டெண்டன்ஸ் உங்க வேலைதானே" என்று தட்டிக் காட்டினான்.

"அடுத்த வாரம் பார்க்கலாம்பா" என்றேன்.

அடுத்த வாரம் மழையைக் காரணம் சொன்னேன். மூன்றாவது வாரம் தாளை வாங்கி எழுந்து நின்றேன். முதல் பெயர் வாய்வரை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் அவன் கழுத்துத் துணியைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். அவன் கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் தட்டிக் கைப்பேசியை நீட்டினான்.

"எனக்காகத்தான் எல்லாரும் சும்மா இருக்கீங்கன்னு தெரியும் சார். ஆனா எனக்கு வெளியே நிக்க வச்ச மாதிரி இருக்கு."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அந்த வாரமே மூச்சுத்திணறல் வந்து அவனை அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் ஆட்டம் நடந்தது. நான் போய் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது ரெஜினா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், உங்க பேர்ல ஒரு பொய் சொல்லிட்டேன். மன்னிக்கணும்" என்றாள்.

"என்னம்மா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கைப்பேசியில தட்டிக் கேட்டாரு, சார் இன்னிக்குக் கூப்பிட்டாரான்னு. கூப்பிட்டார்னு சொல்லிட்டேன். எத்தனை பேர் பதில் சொன்னாங்கன்னு கேட்டாரு. எல்லாருமேன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் தூங்கினாரு."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அவள் என்னைத் தேற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ரத்து செய்யலாம் என்று பேச்சு வந்தது. "நிறுத்தாதீங்க, அவருக்குப் பிடிக்காது" என்று ரெஜினா சொல்லியனுப்பினாள். தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். மரியாதைக்கு நமக்குத் தெரிந்த வழி அதுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நான் அவனை இன்னொரு முறை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பதாகவே உணர்ந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. வெளியூர் அணியினரிடம் பெயர்களை முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தேன். அவர்களுடைய கோல்கீப்பரிடம் பந்து வந்தபோது எழுந்து நின்று அவர் பெயரைக் கூப்பிட்டேன். என் குரல் பாதியில் உடைந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறை கூப்பிட்டேன். அடுப்புப் பக்கத்திலிருந்து ஷியாமல் தாதா மட்டும் "உள்ளேன் ஐயா" என்றார். மூன்றாவது முறை எல்லோரும் சொன்னார்கள். பதினொரு பெயரையும் கூப்பிட்டு முடித்தேன்.

இதில் எனக்கு ஆறுதல் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ரெஜினா சொன்ன பொய்யை ஒரு வாரம் கழித்து உண்மையாக்கினேன், அவ்வளவுதான். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. என் எழுபது வயதில் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. கால் வலிக்காத, காசு செலவாகாத உதவி. பழைய மாணவர்கள் முன்னால் கூச்சம், அவன் மனது நோகும் என்ற என் சொந்த ஊகம், இந்த இரண்டுக்காக அதைத் தள்ளிப் போட்டேன். எது அவனுக்கு நோகும் என்று அவன் எழுதியே காட்டியிருந்தான்.

சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம். தூரத்திலிருந்து வந்தவனின் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது. அதை மட்டும் இனி விடமாட்டேன்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அங்குள்ள மைதானத்துக்குப் போங்கள். வெளியூர் அணியில் ஒருவரிடம் ஆட்டத்துக்கு முன் பெயரைக் கேளுங்கள். பந்து அவர் காலுக்கு வரும்போது எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிடுங்கள்.